மூலக்கோப்பு நீக்கப்பட்டது

“அஞ்சு நிமிசம் இரி மக்ளே, எடுத்துத் தாறேன்” என்று அவளிடம் சொன்ன வாயை இன்றைக்கும் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கு வா என்றிருக்கலாம். அலுவலகத்தில் யார் எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கொழுப்பு இருந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இறங்கியது.

கடற்கரை ஊர்களுக்காக நாகர்கோவிலில் நடக்கும் ஒரு சேவை அமைப்பில் நான் தட்டச்சர். அஞ்சுகிராமத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். அவள் மேற்குக் கடற்கரையில் ஓர் ஊர்க்காரி, மீன் வியாபாரம், நாற்பது வயது இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் வள்ளத்தில் கடலுக்குப் போன அவள் கணவன் திரும்பி வரவில்லை. கூடப் போன கூட்டாளியை மட்டும் ஒரு கேரளப் படகு தூக்கிக் காப்பாற்றியது. உடல் கிடைக்கவில்லை, அதனால் இறப்புச் சான்றிதழும் இல்லை. ஏழு வருஷம் தகவலே இல்லாவிட்டால் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம் என்று வக்கீல் சொல்ல, பத்மநாபபுரம் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தாள். அங்கே கணவனின் கூடப்பிறந்த அண்ணனே எதிராக நின்றான். தம்பி சாகவில்லை, பெண்டாட்டியோடு பிணங்கி ஓடிப்போய்விட்டான், கொச்சியில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

“சர்டிபிகேட்டு கெடைச்சா கெடைக்கட்டு, கெடைக்காட்டா போட்டு அக்கா” என்றாள். “என்ன விட்டுட்டு ஓடிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லுகாவ. எனக்க மக காதுல விழுற மாதிரி சொல்லுகாவ. கூட்டாளி இங்க வந்து சொன்னத எழுதி வச்சிருக்கியன்னு வக்கீலுட்ட சொல்லிட்டேன். அத மட்டும் எடுத்துத் தந்திருங்கோ. திங்கக்கிழம கேசு.”

கூட்டாளி உயிரோடு இருந்தால் அவனையே கூண்டில் ஏற்றியிருப்பார்கள். அவன் கரைக்கு வந்த கொஞ்ச நாளில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து அங்கேயே போய்விட்டான். ஆக அந்தக் கடலில் என்ன நடந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அவன் கொடுத்த வாக்குமூலம் ஒன்றுதான். அது எங்களிடம் இருந்தது. சரியாகச் சொன்னால், என்னிடம் இருந்தது.

அவளுடைய ஊர்ப் பெயரைத் தட்டினேன். கோப்பு வந்தது. பெயர் சரி, தேதி சரி, மூன்று பக்கம். திறந்தேன். தமிழே இல்லை. முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் இங்கிலீஷ் எழுத்துகள் ஒன்றுக்கும் உதவாத வரிசையில் கிடந்தன. நடுநடுவே அரைப்புள்ளி, அங்கங்கே காலிக் கட்டம். அரிசியோடு கல்லைக் கொட்டிக் கலந்த மாதிரி இருந்தது. அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் திரை அவளுக்குத் தெரியவில்லை.

“என்னக்கா, கெடைச்சா?”

“சர்வரு இன்னைக்கி மக்கர் பண்ணுகு. நாளக்கழிச்சு வாறியா?”

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவள் சரி என்று எழுந்தாள். மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தவள், ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் போனாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. பார்த்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் காகிதங்களில் கரையான் ஏறிய வருஷம், இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று இயக்குநர் சார் முடிவெடுத்தார். சாஃப்ட்வேர் விற்க வந்தவர் அதற்கு உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று என்னவோ நீளமாகப் பெயர் சொன்னார். எங்களுக்கு அது சாஃப்ட்வேர், அவ்வளவுதான். நாம் ஏற்றும் வேர்ட் கோப்பை அது அப்படியே வைத்துக்கொள்ளும். கூடவே அதில் இருந்து ஒரு பிடிஎஃப்பையும் தானாகச் செய்து பக்கத்தில் வைக்கும். மூலம் ஒன்று, மாற்று வடிவம் ஒன்று. மாற்று வடிவத்தில் ஒவ்வொரு பக்கமும் படமாக இருக்கும், ஒருத்தரும் ஓர் எழுத்தைத் திருத்த முடியாது. “வேர்டு இன்னைக்கி தொறக்கும், பத்து வருசம் கழிச்சுத் தொறக்குமான்னு யாருக்குத் தெரியும்? பிடிஎஃப் கல்லுல வெட்டின மாதிரியாக்கும் மேடம்” என்றார் அவர். எனக்குப் பிடித்துப்போனது. எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி நான்.

போன பங்குனியில் இடம் நிறைந்துவிட்டது என்று சாஃப்ட்வேர் தினமும் கத்தத் தொடங்கியது. அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: மாற்று வடிவம் உருவானதும் மூலக்கோப்பை நீக்கு. இயக்குநர் சாரிடம் கேட்டேன். “நீ செக் பண்ணிட்டியா? அப்பம் செய்யி” என்றார். செக் பண்ணினேன். அதைத்தான் இப்போது வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பட்டியலில் மேலே இருந்து ஐந்து பிடிஎஃப்களைத் திறந்து பார்த்தேன். இரண்டு இங்கிலீஷ் கடிதம், மூன்று தமிழ். எல்லாம் பளிச்சென்று இருந்தன. கட்டத்தில் டிக் போட்டேன்.

மேலே இருந்தவை எல்லாம் புதுசு. செல்போனில் வருகிற தமிழே கம்ப்யூட்டருக்கும் வந்த பிறகு அடித்தவை. அதற்கு முன்னால் பல வருஷம் நாங்கள் அடித்தது வேறு தமிழ். தட்டச்சு மிஷின் பழக்கத்தை விட முடியாதவர்களுக்காக வந்த பழைய எழுத்துரு. அதில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான். மேலே தமிழ்ச் சட்டை. தமிழ் என்று அடித்தால் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கும். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், இல்லாத கம்ப்யூட்டரில் குப்பையாகத் தெரியும். அந்தக் காலத்துத் தட்டச்சர்கள் எல்லாரும் எழுத்துருவைப் பென்டிரைவில் போட்டுச் சாவிக்கொத்தோடு கொண்டு நடந்தோம். போகிற இடமெல்லாம் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் கோப்பைத் திறப்போம். என் கம்ப்யூட்டரில் அது எப்போதும் இருந்ததால் வேர்ட் கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தமிழே தெரிந்தது. ஆனால் பிடிஎஃப் செய்தது என் கம்ப்யூட்டர் இல்லையே. எங்கேயோ இருக்கிற சர்வர். அதனிடம் யார் எழுத்துரு கொடுத்தது? இத்தனை வருஷம் பையில் சுமந்த எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. சவம், வரவே இல்லை.

புதன்கிழமை சாஃப்ட்வேர்காரருக்குப் போன் போட்டேன். அழித்த கோப்புகள் குப்பைக்கூடையில் முப்பது நாள் இருக்கும், நீங்கள் டிக் போட்டு நான்கு மாதம் ஆகிறதே என்றார். அவருடைய திரையில் அந்த வாக்குமூலத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “மேடம், இது இங்கிலீஷ் டாக்குமெண்டுதானே? ஃப்ளை ஃப்ளைன்னு நெறைய வருகு. ஈ, கொசு ஒழிப்பா?” என்று கேட்டார். நல்ல மனுஷன்தான். அந்த நேரத்தில் அவர் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. கோப்பு இருந்த என் பழைய கம்ப்யூட்டரைப் புதுசு வாங்கும்போது மாற்றாகக் கொடுத்திருந்தோம். காகிதப் பிரதி இரண்டு இருந்தது. எங்கள் ஃபைலில் இருந்ததைக் கரையான் தின்றது. நிவாரணம் கேட்டு அரசாங்கத்துக்கு அனுப்பிய மனுவோடு போனதைப் பற்றிக் கேட்டால் போன இடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். வியாழக்கிழமை காலையில் தோசைக்கல்லில் தோசை கரிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். வீட்டுக்காரர் அடுப்பை அணைத்தார்.

“என்னட்டி, ரெண்டு நாளா வெப்ராளப்பட்டுக்கிட்டு நிக்கே?”

சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “சார்ட்ட சொல்லிரு. வேல போனாப் போவட்டு” என்றார். வேலையைப் பற்றிய பயம் இருக்கத்தான் செய்தது, ஓய்வுக்கு மூன்று வருஷம்தான் பாக்கி. ஆனால் பெரிய பயம் அது இல்லை. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பெயரை ஒருத்தி தலையில் நிரந்தரமாகக் கட்டிவிட்டேன், அதுவும் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டு. பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்தது தெரியவில்லை, கண்டக்டர் வந்து எழுப்புவதுபோலத் தட்டிச் சொன்னார்.

பத்து மணிக்கெல்லாம் அவள் வந்துவிட்டாள். இன்னும் சரியாகவில்லை என்றேன். அப்போதுதான் அவள் கேட்டாள், கேட்கக் கூடாத கேள்வி.

“நீங்கதானே அக்கா அன்னைக்கி அடிச்சது? என்ன சொன்னாருன்னு ஓர்ம இல்லியா?”

ஓர்மை இல்லை. அவன் வந்த நாள் ஓர்மை இருக்கிறது. இயக்குநர் சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் உதடெல்லாம் வெடித்து, சுவரைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசினான். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். தட்டச்சு தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், காதில் விழுவது நேரே கைக்குப் போய்விடும். பிழை இல்லாமல் அடிக்கிறவளுக்குத்தான் ஒன்றும் மனசில் தங்காது. அப்படி எத்தனை வாக்குமூலம். நான் தலையை ஆட்டினேன். இல்லை மக்ளே.

“எனக்கும் ஒரு காப்பி தந்திருந்தா பத்திரமா வச்சிருப்பேன்” என்றாள். பார்ட்டிக்குப் பிரதி கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அது அலுவலகக் காகிதம், அலுவலகத்தில் இருக்கும். வாக்குமூலம் வாங்கியாகிவிட்டது என்று தகவல் மட்டும் சொல்லுவோம். கூட்டாளியிடம் நீ கேட்கவில்லையா என்றேன். “அவரு எனக்க மூஞ்சியப் பாக்கவே மாட்டாரு. நான் ஒரு பக்கம் வந்தா மறுபக்கம் போயிருவாரு. ஒருத்தரு போயி ஒருத்தரு வந்தா அப்படித்தான் அக்கா” என்றாள். பிறகு கையில் இருந்த மஞ்சப்பையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் கணவனோடு சண்டை. என்ன சண்டை என்றுகூட இப்போது தெரியவில்லை. கோபத்தில் சோறு கட்டிக் கொடுக்கவில்லை. அதனால் ஊர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்று அவளுக்கே சில நாள் தோன்றுமாம். அந்த அண்ணன் கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததைத் தனக்குள் தானும் எழுதி வைத்திருக்கிறாள் என்கிற மாதிரி இருந்தது அவள் பேச்சு.

நாளைக்கு வா, கட்டாயம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

அவள் போனதும் அந்தப் பிடிஎஃப்பை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு சும்மா வெறித்தேன். சாஃப்ட்வேர்காரர் சொன்ன ஃப்ளை இரண்டாவது வரியிலேயே நின்றது. எஃப், எல், ஒய், பின்னால் ஓர் அரைப்புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜை மேல் இருந்த என் விரல் தானாக அசைந்தது. இடதுகைச் சுட்டுவிரல், வலதுகை மோதிரவிரல், வலதுகைச் சுட்டுவிரல் மேலே, வலதுகைச் சுண்டுவிரல். கடல். அட பாவி, கடல் என்றல்லவா அடித்திருக்கிறேன்.

இங்கிலீஷ் எழுத்தெல்லாம் நான் தட்டிய சாவிகள். எழுத்துரு போய்விட்டதே தவிர, விரல் போன வழி அப்படியே இருந்தது. பதினேழு வயதில் இன்ஸ்டிடியூட்டில் இடதுகைக்கு ய, ள, ன, க என்று பக்கம் பக்கமாக அடித்துப் பழகியது வீண் போகவில்லை. படமாக இருந்ததால் வெட்டி ஒட்ட முடியாது. வேர்டைத் திறந்து பழைய எழுத்துருவைப் போட்டேன். அந்தப் பக்கம் என்ன இங்கிலீஷ் எழுத்து இருக்கிறதோ இந்தப் பக்கம் அதே சாவி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முதல் வார்த்தையில் இருந்து தொடங்கினேன்.

நினைத்த மாதிரி ஓடவில்லை. சின்ன எல்லும் பெரிய ஐயும் எண் ஒன்றும் திரையில் ஒரே குச்சியாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. காலிக் கட்டம் வந்த இடங்களில் சர்வர் எழுத்தையே விழுங்கியிருந்தது. பெரும்பாலும் வார்த்தையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஊகித்துப் போட்ட எழுத்துக்கெல்லாம் கீழே கோடு போட்டேன். இரண்டு இடத்தில் ஊகிக்கவும் முடியவில்லை. ஏதாவது போட்டு நிரப்பினால் யாருக்கும் தெரியாதுதான். என்னால் முடியவில்லை, வெறுமனே விட்டுவிட்டேன். மூன்று பக்கத்துக்கு வியாழன் முழுதும் போய், வெள்ளி காலையும் போனது. வழக்கமாக அந்த மூன்று பக்கம் எனக்கு முக்கால் மணி நேர வேலை.

ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று போனதால் இந்த முறை கைக்குத் தப்பி எல்லாம் காதில் விழுந்தது. வள்ளம் கவிழ்ந்தது. இரண்டு பேரும் ஒரே எண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மறுநாள் வெயில். மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை அடித்தேன்.

இயக்குநர் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எத்தன கோப்பு இப்பிடிக் கெடக்கும்?” என்றார். பழையது எல்லாமே, என்றேன். “அப்பம் ஒண்ணொண்ணா இருந்து அடி. ஓய்வுக்குள்ள முடி.” அவ்வளவுதான் தண்டனை. வக்கீலுக்கு அவரே பேசினார். மூலம் இல்லாத பிரதியை அப்படியே நீட்ட முடியாது, முதலில் அடித்தவர் நேரில் வந்து எப்படி அழிந்தது, எப்படி மறுபடி எடுத்தார் என்று சொன்னால் பார்க்கலாம் என்றார் வக்கீல். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: திங்கட்கிழமை நான் கூண்டில் ஏறி, மூலத்தை அழித்தது நான்தான் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார். சில மாதம் கழித்துத் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது, சான்றிதழும் கிடைத்தது. ஆனால் கூண்டில் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. பயந்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம்தான்.

அவள் வந்து உட்கார்ந்தாள். முதலில் என் தப்பைச் சொன்னேன். சர்வர் மக்கர் என்றது பொய், உன் காகிதத்தை நான்தான் அழித்தேன், இது இரண்டு நாளாக இருந்து மறுபடி அடித்தது, கோடு போட்ட இடமெல்லாம் என் ஊகம். பஸ்ஸில் வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடுமாறாமல் சொல்லிவிட்டேன். அவள் அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் காகிதத்தைப் பார்த்தாள்.

“கண்ணாடி எடுத்துட்டு வரல்ல. வாசிங்கோ.”

வாசித்தேன். அவன் பேசிய பேச்சை அன்றைக்கு நான் அலுவலகத் தமிழாக மாற்றித்தான் அடித்திருந்தேன், எங்கள் வழக்கம் அது. கடல் எப்படி இருந்தது, காற்று எந்தப் பக்கம், வள்ளம் எப்போது கவிழ்ந்தது எல்லாம் முதல் இரண்டு பக்கம். அவள் அசையாமல் கேட்டாள். மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன்.

“மேற்படி நபர் அன்றைய தினம் உணவு எடுத்து வராத காரணத்தால் என்னிடம் இருந்த உணவை இருவரும் பகிர்ந்து உண்டோம். தன் மனைவி தன் மீது கோபமாக இருப்பதாகவும், தவறு தன்னுடையதே என்றும், கரை திரும்பியதும் அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றும் அவர் என்னிடம் கூறினார். கேனைப் பிடித்துக் கிடந்த சமயத்திலும் இதையே பல முறை கூறினார். மறுநாள் பிற்பகல் அவர் கை தளர்ந்து நீரில் மூழ்கியதை என் கண்ணால் கண்டேன்.”

மீதியை வாசிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். நான் காகிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு அவள் முகத்தைத் துடைத்துவிட்டு என் மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“ஏழு வருசமா இது இதுக்குள்ளயா அக்கா இருந்தது?”

அழித்ததைப் பற்றிக் கேட்பாள் என்று எல்லாப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை. ஆமா மக்ளே, என்றேன்.